அழாத வீடு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போன இளஞ்செழியன், வாழையிலையில் சுற்றிய முல்லைச் சரத்தோடு திரும்பி வந்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த வானதியிடம் அதை நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தலையில வச்சுக்குங்க அண்ணி. அம்மா வாசல்லயே நிப்பாங்க."

வானதி வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று பகலில்தான் திருச்சி மின்மயானத்தில் அவள் புருஷனை எரித்திருந்தார்கள்.

மதிவாணன் வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. கூடத் தங்கியிருந்த ஃபாஜில்தான் தம்பி இளஞ்செழியனுக்குப் போன் செய்து சொன்னார். காகிதங்கள் எல்லாம் சரியாகி உடல் விமானம் ஏறுவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. அத்தனை நாளும் அது அந்த ஊர்ப் பிணவறையில் கிடந்தது. அத்தனை நாளும் இளஞ்செழியன், அண்ணன் போன் கெட்டுப்போய்விட்டது, புதுசு வாங்கியதும் பேசுவான் என்று வானதியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணப் புடவை எடுக்கத்தான் இருவரும் அன்று காலை கிளம்பினார்கள். வல்லம் தாண்டிய பிறகு வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே அவன் விஷயத்தைச் சொன்னான்.

மயானத்தில் சவப்பெட்டியைத் திறந்தபோது ஒரு வாசனை வந்தது. மருந்தும் ஈரப்பலகையும் கலந்த வாசனை. மதிவாணனின் நெற்றியிலும் மேலுதட்டிலும் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. வியர்த்திருக்கிறது என்று நினைத்து முந்தானையால் துடைக்கப் போனாள். விரல் பட்டதும்தான் அது குளிரில் கோத்த நீர் என்று தெரிந்தது.

"அழாதீங்க அண்ணி. முகம் வீங்கிச்சுன்னா அம்மா கண்டுபிடிச்சிருவாங்க. அவங்க நெஞ்சு தாங்காது."

மாமியார் மங்களாம்பிகைக்குத் தஞ்சாவூரில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அது உண்மைதான். ஆனால் கடைக்குட்டி கவிப்ரியாவுக்குக் கார்த்திகையில் முகூர்த்தம் குறித்திருந்தது. வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒரு வருஷம் காத்திருக்கிற மாப்பிள்ளை வீடு இல்லை அது. இதையும் இளஞ்செழியன் காரிலேயே சொல்லிவிட்டான். கொஞ்சம் மெதுவான குரலில் சொன்னான். இரண்டில் எது முதல் காரணம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் அழவில்லை.

மன்னார்குடியைத் தாண்டிப் பாமணியாற்றங்கரை ஊருக்குள் கார் நுழைந்தபோது பொழுது சாய்ந்து மழை பிடித்திருந்தது. இருபுறமும் சம்பா வயல்களில் தவளைச் சத்தம். பழைய ஓட்டு வீடு. வாசலில் மங்களாம்பிகை நின்றிருந்தாள்.

"புடவை அமைஞ்சுச்சா?"

"அமைஞ்சுது அத்தை." வரும் வழியில் இளஞ்செழியன் அவசரமாக வாங்கிப்போட்ட புடவைப் பையை நீட்டினாள்.

மாமியார் அவள் தலையிலிருந்த பூவைப் பார்த்தாள். பிறகு நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். உள்ளே போய் விளக்கேற்றினாள்.

அன்றிலிருந்து வானதி இரண்டு பேராக வாழ்ந்தாள். காலையில் குளித்துக் குங்குமம் வைத்துக்கொள்கிறவள் ஒருத்தி. குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொள்கிறவள் இன்னொருத்தி. கவிப்ரியா நகை டிசைனைக் காட்டி, "அண்ணனுக்கு இது புடிக்குமா அண்ணி?" என்று கேட்பாள். "புடிக்கும்" என்பாள் முதலாமவள்.

மங்களாம்பிகைக்குச் சின்ன மகன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் குரல் கிட்டத்தட்ட ஒன்று. மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, நம்பர் தெரியாத ஏதோ ஒரு ஆப் வழியாக அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவான். "அம்மா, மதி பேசுறேன். மருந்து சாப்பிட்டியா?" கூடத்தில் மாமியார் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்பாள். வானதி அடுப்படியில் நின்று, ஒரே பேச்சை ஒரு காதில் போனிலிருந்தும் மறு காதில் கொட்டகையிலிருந்தும் கேட்பாள். சின்ன மகன் திரும்பி வரும்போது முகம் வெளுத்திருக்கும். அவனும் அழாதவன்தான்.

கல்யாணத்துக்கு அண்ணன் வருவானா என்ற பேச்சு வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தான் இளஞ்செழியன். மங்களாம்பிகை கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகனையும் மருமகளையும் ஊர் எல்லையிலிருந்த பிடாரி கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சூடத்தட்டை மகன் முன்னால் நீட்டினாள்.

"அவன் வர்றேன்னு சத்தியம் பண்ணு செழியா."

"அதெப்படிம்மா அவனுக்காக நான்?"

"அவன் அங்க இருக்கான். அவனுக்குப் பதிலா நீ பண்ணு. 'தங்கச்சி கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வருவேன்'னு சொல்லு. நான்னு சொல்லணும். அப்பதான் எனக்கு நிம்மதி."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. இளஞ்செழியன் வானதியைப் பார்த்தான். அவள் பிடாரியைப் பார்த்தாள். மஞ்சள் பூசிய கல் முகம், வெள்ளிக் கண்கள். பொய் சொல்லாதே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வருவேன்" என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தான்.

திரும்பி வரும் வழியில், அம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தபோது, அவன் கையை விரித்து வானதியிடம் காட்டினான். கரியே இல்லை.

"சுடவே இல்ல அண்ணி. ஜில்லுன்னு இருந்துச்சு."

அதற்கு மறுவாரம், விடாமழை நாளில், பகல் சாப்பாட்டின்போது மங்களாம்பிகை சொன்னாள்.

"காலையில மதி பேசினான்."

வானதி இளஞ்செழியனைப் பார்த்தாள். சோற்றில் இருந்த அவன் கை அப்படியே நின்றிருந்தது.

"என்னம்மா சொன்னான்?"

"ரொம்ப குளிரா இருக்காம். போர்த்திக்க ஒண்ணும் தர மாட்டேங்கிறாங்களாம். எல்லாரும் வரிசையாப் படுத்திருக்காங்களாம், ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்களாம்." மோரை ஊற்றிக்கொண்டாள். "பாவம், வேலை அலுப்பு போல."

சாப்பிட்டு எழுந்ததும் வானதி கொட்டகைக்கு ஓடினாள். அவன் மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏன் அப்படிப் பேசினீங்க? அத்தைகிட்டப் போய்..."

"நான் பேசல."

"தம்பி."

"சத்தியமா நான் பேசல அண்ணி. காலையிலேருந்து வயல்ல தண்ணி வடிச்சுக்கிட்டு இருந்தேன். போனே எடுத்துட்டுப் போவல."

சத்தியம் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவனே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

இரண்டு நாள் மழை வெறிக்கவில்லை. கரண்ட் போய்விட்டது. டவர் வேலை செய்யாமல் ஊர் முழுக்கப் போன்கள் செத்துக் கிடந்தன. வானதி மத்தியான இருட்டில் தன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மதிவாணனின் சட்டைகளும் அதில் இருந்தன. அவற்றையும் துவைத்து, காயவைத்து, மடிக்கவேண்டியிருந்தது, மாமியார் பார்ப்பாள்.

முதலில் வாசனைதான் வந்தது.

மருந்து. ஈரப்பலகை.

கட்டில்மேல் கிடந்த அவள் போன் அதிர்ந்தது. திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"வானி."

அப்படி அவளைக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான். தம்பிக்கு அந்தப் பெயர் தெரியாது.

"வானி, நான் எங்க இருக்கேன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அன்னிக்கு நீ வந்தியே. நெத்தியத் தொட்டியே. ஏன் ஒண்ணுமே பேசாமப் போயிட்ட?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாராச்சும் அழுதா நான் புரிஞ்சுப்பேன்ல? யாரும் அழல. அம்மா கல்யாணத்துக்கு வான்னு கூப்பிடறா. செழியன் வர்றேன்னு சொல்லிட்டான்." குரல் தாழ்ந்தது. "எனக்கு என்ன ஆச்சு வானி?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது அவள் தொண்டைவரை வந்தது. அங்கேயே பாசமும் பயமும் அதைத் தடுத்தன. செத்துப்போன மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் ஆவலங்க" என்றாள் வானதி. "எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க தூங்குங்க."

போனில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"சரி" என்றது குரல். நம்பிய குரல். குழந்தையைப் போல நம்பிய குரல்.

அன்று வானதிக்குத் தன்மேல் வந்த வெறுப்பு சாகும்வரை போகாது. எல்லோரும் சொன்ன பொய்களில் அவன் கேட்டு வாங்கிய பொய் அவளுடையதுதான்.

கல்யாணம் மன்னார்குடி மண்டபத்தில் நடந்தது. நல்ல வெயில் அடித்த காலை. நாதஸ்வரம், பன்னீர், பட்டுப் புடவைச் சரசரப்பு. வானதி அரக்குப் பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றாள். "மதி வரலையா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் லீவு கிடைக்கவில்லை என்றாள்.

முகூர்த்த நேரத்தில் பெண்ணை மேடைக்கு அழைத்துவரச் சொன்னார்கள். இடதுபுறம் இளஞ்செழியன் தங்கையின் கையைப் பிடித்து வந்தான். வானதி பின்னால் நடந்தாள்.

கவிப்ரியாவின் வலது கையும், யாரோ பிடித்திருப்பதுபோல, சற்றுத் தூக்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

கீழே தொங்கவேண்டிய வளையல்கள் மணிக்கட்டில் ஒருபக்கமாக ஒதுங்கி, அசையாமல் நின்றன. மருதாணிச் சிவப்புக்கு நடுவே நான்கு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது.

பன்னீர் வாசனைக்கு அடியிலிருந்து அந்த வாசனை எழுந்தது.

கவிப்ரியா தலையைத் திருப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, பாத்தீங்களா? வர்றேன்னு சொல்லவே இல்ல பாருங்க. கை எப்படி ஜில்லுன்னு இருக்கு அண்ணனுக்கு."

இளஞ்செழியன் தங்கையின் வலப்பக்கம் பார்த்தான். அங்கே அவன் என்ன கண்டான் என்று கடைசிவரை சொல்லவில்லை.

மேடைக்குக் கீழே, முதல் வரிசை நாற்காலியில், மங்களாம்பிகை கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வழிய அவளும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவளாக இல்லை.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. எல்லோரும் மேடையை நோக்கி நெருக்கிய நேரத்தில் வானதி மணப்பெண் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். பின்னாலேயே குளிர் உள்ளே வந்தது. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க செத்துட்டீங்க" என்றாள். "தூக்கத்துலயே போயிட்டீங்க. திருச்சியில எரிச்சோம். நான்தான் அன்னிக்கு அழல. நான் பொய் சொன்னேங்க. நீங்க போயிருங்க."

வெளியே மேளம் ஓய்ந்தது.

காதுக்கு மிக அருகில், குழப்பத்தோடு அந்தக் குரல் கேட்டது.

"அப்ப வர்றேன்னு சத்தியம் பண்ணினது யாரு வானி?"

பெண்ணை அனுப்பிவிட்டு வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இளஞ்செழியன் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டான். வானதி தலையிலிருந்த பூவைப் பிய்த்துக் கூடத்தில் போட்டாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மதி செத்ததைத்தானே?"

மங்களாம்பிகை கல்யாணப் பலகாரத்தைத் தூக்குவாளியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செழியன் கொட்டாய்ல நின்னு பேசினான் பாரு, முதல் நாளே தெரியும். பெத்தவளுக்கு எந்தப் புள்ள பேசுதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

தூக்கை மூடிவிட்டு மாமியார் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் வானதி அதுவரை பார்க்காத ஒரு கடுமை இருந்தது.

"அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா மாரடிச்சு அழுதிருப்பேன். ஊரு வந்து கூட அழுதிருக்கும். நெஞ்சு வெடிச்சாலும் வெடிச்சிருக்கும், சரி. புள்ளையை அழுது அனுப்பியிருப்பேன்ல? பூவை வச்சுக்கிட்டு வந்து நின்ன நீ. என் முகத்தப் பாத்து புடவை அமைஞ்சுதுன்ன. என் புள்ள சாவை எங்கிட்டேருந்தே திருடிட்டீங்க. சரி, அவனை நான் திரும்ப எடுத்துக்கறேன்னு நினைச்சேன்."

வானதிக்கு மெல்ல விளங்கியது.

"அதுக்காகவா அந்தச் சத்தியம்?"

"பிடாரி முன்னால வர்றேன்னு சொன்னவன் வந்துதானே ஆவணும். அவன் வாய்தான் இல்ல. தம்பி வாய் இருந்துச்சு."

"அது பொய்ச் சத்தியம் அத்தை. சாமியை வச்சு..."

"நீங்க தாலியை வச்சுப் பொய் சொல்லல?"

ஆனாலும் வானதி கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அவரு கஷ்டப்படறாரு அத்தை. என்ன ஆச்சுன்னே தெரியாம நிக்கிறாரு. கருமாதி பண்ணி அனுப்பிடலாம்."

"யாருக்குக் கருமாதி? என் மவன் காலையிலதான் கல்யாணத்துக்கு வந்துட்டுப் போனான்."

வானதி புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் கையிலும் புருவத்திலும் இழுபட்டது. ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

அவள் பிறந்த வீடு திருவிடைமருதூரில் இருந்தது. அங்கே போய் உண்மையைச் சொன்னாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு கத்தியபோது, தேங்கியிருந்ததெல்லாம் உடைந்தது. தெருவே கூடும்படி அழுதாள். பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். காவிரிக்கரையில் அவள் அப்பா முன்னின்று காரியம் செய்தார். பிண்டத்தை ஆற்றில் விட்டு மூழ்கி எழுந்தபோது உடம்பு லேசானதுபோல் இருந்தது. அதன்பிறகு வாசனை வரவில்லை. போன் அடிக்கவில்லை. போய்விட்டான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் கொஞ்சம் ஆறுதலும், ஆறுதலுக்கு அடியில் பெரிய துக்கமும் இருந்தன.

தை பிறந்து அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, மிச்சத் துணிமணியும் படிப்புச் சான்றிதழ்களும் எடுத்துவர மாமியார் வீட்டுக்குப் போனாள். நல்ல பகல். வழியெல்லாம் கதிர் அறுக்கும் இயந்திரங்கள். அவர்கள் வயல் மட்டும் அறுபடாமல், நெல் முற்றிச் சாய்ந்து, மணி கொட்டிக் கிடந்தது. அடுத்த வயலில் இருந்தவர், "தம்பி வெளியவே வர்றதில்லம்மா, என்ன ஏதுன்னு பாருங்க" என்றார்.

வீட்டில் மங்களாம்பிகை நன்றாக இருந்தாள். தலை வாரி, முகம் தெளிந்து, உடம்புகூடப் போட்டிருந்தாள். வெறும் நெற்றியோடு வந்த மருமகளை வா என்றாள். கோபமாக ஒன்றும் பேசவில்லை. கூடத்தில் இலை போட்டிருந்தது. இலை முன்னால், முதுகைக் காட்டி இளஞ்செழியன் உட்கார்ந்திருந்தான்.

"மதி, யாரு வந்திருக்கா பாரு" என்றாள் மாமியார்.

வானதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவன் திரும்பினான். இளஞ்செழியனின் முகம்தான். மெலிந்து, தாடி வளர்ந்து, உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த உதடுகள் விரிந்தன.

"வானி. எப்ப வந்த?"

தம்பியின் குரலும் அண்ணனின் குரலும் கிட்டத்தட்ட ஒன்று. கிட்டத்தட்டதான். பத்து வருஷம் அவனோடு வாழ்ந்தவளுக்கு வித்தியாசம் தெரியும்.

"தம்பி எங்க அத்தை?" அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "செழியன் எங்க?"

மங்களாம்பிகை இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். குழம்பை ஊற்றினாள். மகன் தலையை வாஞ்சையாகத் தடவினாள்.

"ரெண்டு பேரும் நான் பெத்ததுதானேம்மா" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றது அந்த வாய், சிரித்தபடி.

கண்கள் சிரிக்கவில்லை. அவை வானதியின் முகத்துக்கும் வாசலுக்குமாக, வாசலுக்கும் அவள் முகத்துக்குமாக, விடாமல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன.